உப்பு ஏறுவதற்குள் பூத்துவிட வேண்டும்

டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகள் ஒவ்வொரு பங்குனியிலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள். பனி முழுசாகக் கரையாத மண்ணைத் துளைத்துக்கொண்டு நாலு வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். ஸ்னோடிராப்பாம். அதன் பின்னாலேயே ஊதாவில் குரோக்கஸ், அப்புறம் மஞ்சளில் டாஃபடில். மே மாதம் வந்தால் டூலிப், வரிசை வரிசையாக. ஐந்து மாதம் அடைந்து கிடந்த மனுஷிக்கு அந்த நாலு பூ எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறும்: "உனக்கென்னக்கா, குளிரே இல்லாத ஊரு, வருஷம் பூரா பூ!"

வருஷம் பூரா பூவாம். பழவேற்காட்டுக் குப்பத்தில் ஒரே ஒரு மல்லிச் செடியைச் சித்திரை தாண்டி உயிரோடு வைத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

ஊர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர் சுமாருக்கு, பொன்னேரி தாண்டி இருக்கிறது பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. எங்களுடையது என்று உரிமை கொண்டாடினாலும் பெரும்பகுதி ஆந்திராவில்தான் கிடக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் நமக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம் எல்லாம் அந்த மணலில்தான் இருக்கின்றன. கிழக்கு வாசலில் நின்றால் கடல், கொல்லைப்பக்கம் போனால் ஏரி. பூநாரை பார்க்க வருகிறவர்கள் "என்ன அழகான இடம்!" என்பார்கள். அழகுதான். செடியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

செடியின் பக்கத்திலிருந்து யோசித்தால், கனடாவின் பனிக்கும் எங்கள் உப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மண் உறைந்துபோனால் அதிலிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும். வேரால் உறிஞ்ச முடியாது. மண்ணில் உப்பு ஏறினாலும் அதே கதிதான். தண்ணீர் இருக்கும், ஈரம் கையில் ஒட்டும், ஆனால் வேருக்குள் இருக்கும் சாற்றைவிட வெளியே உப்பு அதிகமாகிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். அவளுக்கு அந்தத் தொல்லை டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. எனக்குப் பங்குனிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் இழுக்கிறது. ஆகவே எங்களுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அது வெயில் காலத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஏரிக்கு அப்படி நிலையான கணக்கு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது சில இடங்களில் ஏரித் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகவே மாறிவிடும். சித்திரை, வைகாசியில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, வெயில் தண்ணீரைக் குடித்துக் குடித்து, கடலைவிட ஏரி கரிக்கும். இறால் பிடிக்கிறவர்கள் இந்த மாற்றத்தை வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். தோட்டம் போடுகிறவர்கள் யாரும் இதைக் கவனிக்கிற மாதிரித் தெரியவில்லை. "இந்த மண்ணுல பூ வராது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வரும். எந்த மாதம் என்பதுதான் கேள்வி.

என் ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாதவள். வீட்டுக்குப் பின்னால் மணலில் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஊற்றுக்குழி தோண்டி, சொம்பால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவாள். அவசரப்பட்டு வாளியை விட்டால் திட்டு விழும். "மேல இருக்கறதுதான்டி நல்ல தண்ணி, கலக்காத. பொங்கல் வரைக்கும் இதை நம்பலாம். மாசி போச்சுன்னா நாக்குல வெச்சுப் பாத்துட்டுதான் செடிக்கு ஊத்தணும்." அன்றைக்கு அது எனக்குக் கெடுபிடியாகத் தெரிந்தது. பின்னால் படித்தபோதுதான் அதற்குள் இருந்த கணக்கு விளங்கியது.

மணலில் பெய்கிற மழை கீழே இறங்கும். கீழே ஏற்கெனவே உப்புத் தண்ணீர் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதைவிட எடை குறைவு. சட்டென்று கலக்காமல் அதன் மேல் பாலாடை மாதிரி படிந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அது கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்று நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்வார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். எங்கள் திட்டோ ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் உப்பு. மோட்டார் போட்டு உறிஞ்சினால் முதல் வருஷம் இனிக்கும், அப்புறம் கரிக்கும். சொம்பால் மொண்டவள் முட்டாள் இல்லை.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் எங்கள் தோட்டத்தின் இளவேனில் எப்போது என்று தெரிந்துவிடும். பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். குப்பத்தில் அது தை மாதம். மழை மேல் மண்ணின் உப்பையெல்லாம் கழுவிக் கீழே தள்ளியிருக்கும். புயல் பயம் பெரும்பாலும் போயிருக்கும். வாடைக்காற்று வேகம் குறைந்திருக்கும். விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் சில்லென்று இருக்கும். நாங்கள் அதையே குளிர் என்று சொல்லி மப்ளர் சுற்றிக்கொள்வோம். தை, மாசி, பங்குனி பாதி வரை இந்த ஜன்னல் திறந்திருக்கும். பூக்கிறதெல்லாம் அதற்குள் பூத்துவிட வேண்டும்.

மழை உப்பைக் கழுவுவது சின்ன விஷயம் இல்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினப் பக்கம் வயலுக்குள் கடல் புகுந்தபோது, இனி எத்தனை வருஷத்துக்கு அங்கே எதுவும் விளையாதோ என்று எல்லோரும் பயந்தார்கள். மறு வருஷம் 2005-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து அந்த உப்பைக் கழுவிவிட்டது. வாய்க்கால் திறந்து உப்பை வடித்துவிட்டதில் மனிதக் கைக்கும் பங்கு உண்டு. பெரிய வேலையைச் செய்தது மழைதான். எங்கள் குப்பத்துத் தொட்டிக்கும் அதே மருந்துதான். ஐப்பசியில் தொட்டிகளைக் கூரைக்கு வெளியே இழுத்துவிடுங்கள். நன்றாக நனையட்டும், அடியில் ஓட்டை வழியே வழியட்டும்.

குப்பத்துத் தோட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. உப்பைத் தாங்குகிற பூக்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ என்று எதை நட்டாலும் மணலில் வேர் விடும். கரையோரம் அடம்புக் கொடி யாரும் கேட்காமலே ஓடி, காலையில் இளம் ஊதாவில் விரித்து வைத்திருக்கும். ஆனால் இவற்றில் ஒன்றையாவது எங்கள் பெண்கள் தலையில் வைப்பார்களா? மாட்டார்கள். தலைக்கு வேண்டியது மல்லி, முல்லை, ஜாதிமல்லி, கனகாம்பரம். இதில் மல்லிக்கும் முல்லைக்கும் உப்பென்றாலே ஆகாது. கனகாம்பரத்துக்கு உப்போடு மணலில் இருக்கும் நூற்புழுவும் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் துலுக்கச் சாமந்தி நட்டால் நூற்புழு கொஞ்சம் அடங்கும். டிசம்பர் பூ ஒன்றுதான் முரண்டு பிடிக்காதது; அதுவும் நல்ல தண்ணீர் இருக்கும் மாதத்தில் பூத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் புத்திசாலி.

ஆகவே இங்கே தோட்டம் என்று நான் சொல்வது பெரும்பாலும் மல்லியைத்தான். மாசி மகத்துக்குச் சாமி கடலாட வரும்போது வீட்டுப் பூவில் ஒரு முழமாவது கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஆசை. குப்பத்துப் பெண்ணுக்குத் தெரியும், மாசியில் மல்லி கடையில் என்ன விலை என்று. அதற்கு முன்னால் மார்கழி, தையில் கேட்கவே வேண்டாம். பனி விழுந்தால் மல்லி மொட்டு வைப்பது சுருங்கிவிடும்; பொங்கல் நேரத்தில் மதுரை, நிலக்கோட்டைச் சந்தைகளில் விலை எகிறுகிற செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வரும். குளிரே இல்லாத ஊர் என்கிறாள் சித்தி மகள். மல்லிக்கு எங்கள் மார்கழியே குளிர்.

மல்லியை மாசிக் கடைசியில் பூக்க வைக்கும் வேலை நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்குச் சொல்லும் காலமும் உயரமும் இதுதான். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மொட்டு புதுத் தளிரில்தான் வரும். பழைய கொம்பை வைத்துக்கொண்டு அழுவதில் பயன் இல்லை. வெட்டும்போது மனசு வலிக்கும். இலையோடு இருக்கும் செடியை மொட்டையடிப்பது பாவமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் இந்த வெட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அது புயல் காலம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்தபோது மரங்களே சாய்ந்தன. அப்படிக் காற்று அடிக்கிறபோது கடல் துளி பறந்துவந்து இலையில் படியும். இரண்டு நாளில் கடல் பார்த்த பக்கத்து இலையெல்லாம் ஓரம் கருகிப்போகும். இலையே இல்லாத செடியை உப்புக் காற்று என்ன செய்யும்? குட்டையாகத் தரையோடு நிற்கும், பேசாமல் தப்பித்துக்கொள்ளும். மழை இல்லாத ஒரு நாள் பார்த்து வெட்டுங்கள், வெட்டுவாயில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

தளிர் வந்த பிறகு இன்னொரு தொல்லை வரும். இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அக்கம்பக்கத்தில் உடனே "உரம் போதல" என்பார்கள். உரப் பஞ்சம் இல்லை. எங்கள் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள், பாதி சிப்பித் தூள். ஒரு காலத்தில் இந்த ஏரியில் சிப்பி அள்ளிச் சுண்ணாம்பு சுட்டே பிழைத்தவர்கள் உண்டு. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலை நனையத் தெளித்தால் கொஞ்ச நாளில் பச்சை திரும்பும். செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும்கூட இது கேட்கும்.

இனி உரம். மீனவர் வீட்டுக்காரிக்கு உரம் வாங்கும் அவசியம் உண்டா என்றால் இல்லைதான், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நகரத்துத் தோட்டக்காரர்கள் மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். அவர்கள் வீட்டில் அது குழாய்த் தண்ணீர். எங்கள் வீட்டில் கரையிலேயே கடல் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்த மீன், ஐஸ் உருகி வழிந்த தண்ணீர், சில சமயம் உப்புப் போட்டுத் தேய்த்த தண்ணீர். அதை மல்லிக்கு ஊற்றினால் நீங்களே கையால் சித்திரையைக் கொண்டுவந்து வேரில் வைத்த மாதிரி. முதல் கழுவலைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது தண்ணீர்தான் செடிக்கு. கருவாட்டுத் தண்ணீர் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

மீன் அமிலம் இன்னும் நல்லது. செதிலும் குடலும் தலையும் எவ்வளவோ அதே எடைக்கு வெல்லம். ஒரு டப்பாவில் கலந்து இறுக மூடி, நிழலில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் தேன் நிறத்தில் ஒரு சாறு வரும். நாற்றம் அடிக்காது, அடித்தால் வெல்லம் குறைவு என்று அர்த்தம். லிட்டருக்கு 10 மில்லி போதும். இதைச் செய்ய இந்த உலகத்திலேயே வசதியான ஊர் எங்களுடையதுதான், ஆனால் இங்கே நான் இதைச் சொன்னால் "மீனுக்கு வெல்லமா?" என்று சிரிக்கிறார்கள்.

தொட்டிக்கும் வெளியே போக வேண்டாம். ஐஸ் வைத்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி உடைந்து ஓரத்தில் கிடக்கும். அடியில் நாலு ஓட்டை போட்டால் தொட்டி. எடையே இருக்காது, புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். முதலில் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள், மூலைகளில் உப்பு இருக்கும். வெயிலில் வைத்தால் பொடிந்து உதிரும். அந்த உருண்டைகள் ஏரிக்குள் போய்விடும், மீன் தின்னும், அந்த மீனை நாம் தின்போம். அதனால் வெளிப்பக்கம் சாக்கைச் சுற்றித் தைத்து வைக்கிறேன். கோழியும் ஆடும் வராமல் இருக்கக் கிழிந்த வலை இருக்கவே இருக்கிறது. அதே வலையில் முல்லைக் கொடியையும் ஏற்றிவிடலாம். தேங்காய் மட்டையை அடியில் போட்டால் மணலில் ஈரம் நிற்கும். ஏரித் தண்ணீரில் ஊறிய மட்டையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் டச்சுக்காரர்களை இழுக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் அவர்கள் வந்துவிடுவார்கள், நான் மட்டும் ஏன் விட வேண்டும். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே 1630-கள், 1650-களில் செத்தவர்களின் கல்வெட்டுகள், கல்லில் பூவேலை. அந்தக் கல்லறைகள் எழுப்பப்பட்ட அதே காலத்தில் அவர்கள் ஊரில் டூலிப் கிழங்குக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒற்றைக் கிழங்கை வீடு விலைக்கு விற்று வாங்கி, 1637 பிப்ரவரியில் சந்தை ஒரேயடியாகச் சரிந்தது. இங்கே செத்தவர்களில் யாராவது ஊரில் கிழங்கு வாங்கிப் போட்டுவிட்டுக் கப்பலேறியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சபலமான யோசனை வரும்.

அவர்கள் இங்கிருந்து கொண்டுபோன பூ வேறு. பழவேற்காட்டுத் துணி. வண்ணம் தீட்டியதும் சாயம் தோய்த்ததும் கீழைத் தீவுகள் வரைக்கும் போனது. அதன் சிவப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தக் கரையோர மணலில் முளைக்கும் சாயவேரிலிருந்து. இம்பூரல் என்றும் சொல்வார்கள். தரையோடு ஒட்டிக் கிடக்கும் சின்னச் செடி, கண்ணுக்குத் தெரியாத வெள்ளைப் பூ. அதைத் தோட்டச்செடி என்று யாரும் மதித்ததில்லை. பூ அழகில்லாத ஒரு செடியின் வேரைக் கொண்டு துணி துணியாகப் பூ வரைந்து உலகத்துக்கு விற்றிருக்கிறோம்.

டூலிப்பைப் பழவேற்காட்டில் வளர்க்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியும், ஆனால் அது ஃபிரிட்ஜ் வளர்க்கிற பூ. அந்தக் கிழங்குக்குள் இருக்கும் பூ நிமிர்ந்து வெளியே வர 12-லிருந்து 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். நம் நாட்டில் அது தானாகக் கிடைப்பது காஷ்மீர் போன்ற இடங்களில்தான். 2007-ல் திறந்த ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்தை மார்ச் கடைசி, ஏப்ரலில் போனால் பார்க்கலாம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மாதம் இடம் வேண்டும். பக்கத்தில் பழம் வைக்கக் கூடாது, பழுக்கிற பழம் விடுகிற வாயு கிழங்குக்குள்ளேயே பூவைக் கொன்றுவிடும். புயல் வந்து கரண்டு போனால் எல்லாம் வீண். இத்தனையும் தாண்டி வெளியே எடுத்தால் பகலில் 30 டிகிரி, பூ நிமிர்வதற்குள் வாடும். அந்த இடத்தில் நான் இறால் வைப்பேன்.

நமக்கென்று தூங்கி எழும் கிழங்குகள் இல்லாமல் இல்லை. செங்காந்தளைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். இந்தக் கரையோர வேலிப் புதர்களில் அது சாதாரணமாக ஏறிக் கிடக்கும். சித்திரை, வைகாசியில் மேலே ஒன்றும் இருக்காது. கீழே கலப்பை வடிவத்தில் கிழங்கு மட்டும் தூங்கும். மழை இறங்கியதும் தளிர்விட்டு, இலை நுனியையே சுருட்டிப் பிடிமானமாக்கி ஏறி, கார்த்திகையில் மஞ்சளாக விரிந்து சிவப்பாக முதிரும். டூலிப் குளிர்காலத்தில் மண்ணுக்குள் காத்திருக்கிறது, இது வெயில் காலத்தில். கனடாவுக்கு ஒரு கிழங்கு கொண்டுபோனால் அங்கே அதைக் குளிர்காலத்தில் தோண்டி எடுத்து, உறையாத இடத்தில் காய்ச்சலாக வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: செடி முழுக்க விஷம், கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலிக்கு வெளியே இருந்தால் போதும்.

இப்படித் தூங்கி எழும் வேறொன்று மழை லில்லி. அயல்நாட்டுச் செடிதான், ஆனால் எங்கள் மணலுக்காகவே செய்த மாதிரி இருக்கும். நன்றாகக் காய விட்டு ஒரு மழை பெய்தால் சில நாளில் வெள்ளையோ ரோஸோ குப்பென்று பூக்கும். கோடை மழைக்குப் பூக்கும் ஃபுட்பால் லில்லியும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு தடவை சிவப்புப் பந்து ஒன்று மண்ணிலிருந்து கிளம்பும். ஸ்னோடிராப் பனியைத் துளைத்து வருவதைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள், காய்ந்த மணலைத் துளைத்து இது வருவதையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் நான் நாக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். வேம்பு பூ உதிர்க்கும், புங்கம் பூக்கும், அவற்றுக்கு வேர் ஆழத்தில் எங்கோ வழி இருக்கிறது. மல்லிக்கு இல்லை. ஊற்றுக்குழித் தண்ணீர் லேசாகக் கரித்தால் அன்றோடு அதை நிறுத்திவிட்டு, குடிக்க வரும் லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு பங்கு. வீட்டில் சண்டை வரும். "குடிக்கறதுக்கே இல்ல, இவ பூவுக்கு ஊத்தறா" என்பார்கள். நியாயம்தான். அரிசி களைந்த தண்ணீரும் பருப்பு கழுவிய தண்ணீரும் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள்; அது ஆவியாகி, தண்ணீரில் இருந்த துளி உப்பை மேல் மண்ணிலேயே சேர்த்துவைக்கும். மூன்று நாளுக்கு ஒரு தடவை அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றினால் உப்பும் கூடவே போய்விடும். பாத்தி போட்டிருந்தால் ஒரு சாண் மேடாகப் போடுங்கள், பள்ளமாக வேண்டாம். மேலே காய்ந்த சவுக்கு ஊசியோ பனையோலைத் துண்டோ மூடி வையுங்கள். ஜமீலாபாத் பக்கம் ஓலைக்கூடை பின்னுகிற அக்காமார்கள் நறுக்கிப் போட்ட மிச்சம் கேட்டால் தருவார்கள்.

சித்திரையில் மல்லிப் பெட்டிகளை வீட்டின் மேற்குப் பக்கத்துக்கு, கடல் காற்று படாத சுவர் மறைவுக்கு மாற்றிவிடுவேன். வாசலில் காகிதப்பூவும் அரளியும் பொறுப்பெடுத்துக்கொள்ளும். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூவே வரும். எங்கள் ஊருக்கு அதைவிட இணக்கமான செடி கிடையாது. அரளியை ஆடு தொடாது, அதுவும் ஒரு காரணத்தோடுதான், பாலெல்லாம் விஷம்.

இந்தத் தையில் பூநாரை பார்க்க யாராவது கிளம்புவதாக இருந்தால் ஒரு உதவி. வருகிற வழியில் செங்குன்றம் பக்கம் செம்மண் கிடைக்கும். சிப்பித் தூள் கலக்காத மண்ணுக்கு இங்கே நாங்கள் தவம் கிடக்கிறோம். ஒரு சிமெண்ட் சாக்கு போதும், பஸ்ஸில் கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். இறங்கியதும் மூட்டையைச் சரித்துவிடாமல் கொண்டுவந்தால், மதியம் இறால் தொக்கோடு சோறு என் செலவு.